தொண்டைக்கு வைத்த கரண்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் கிள்ளானில் இருந்தோம். மின்கம்பம் ஏறிக் கம்பி பழுதுபார்ப்பது என் கணவருக்கு வேலை. ஒருநாள் காலை குளியலறையில் விழுந்தார், பக்கவாதம். காலுக்கு மெல்ல அசைவு திரும்பியது, பேச்சும் குழறலாகத் திரும்பியது. விழுங்குவது மட்டும் வரவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போய் முகம் நீலம் பாரித்துவிடும். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் பால். அவர் இருமினாலே ஓடிப்போய் நிமிர்த்தி உட்காரவைப்பேன்.

தலைநகரில் உள்ள பிரிக்பீல்ட்ஸில் இதற்குச் சிகிச்சை தரும் பெண் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். தொண்டையில் சின்னப் பட்டைகளை ஒட்டி, லேசாக மின்சாரம் செலுத்தி, விழுங்கும் தசைகளைத் தூண்டும் புது முறையாம்.

"கூடவே விழுங்கிப் பழகணும் அக்கா. எல்லாருக்கும் சரியாகும்னு சொல்ல முடியாது" என்றார் அந்தப் பெண்.

என் கணவர் மிரண்டுபோனார். கூட வேலை செய்த நண்பர் கம்பத்திலேயே கருகியதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

"வேணாம்... கரண்டு என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்" என்று குழறினார்.

எனக்கு மட்டும் பயமில்லையா? ஆனால் குழாயோடு எத்தனை நாள் வைத்திருப்பது? என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "மொதல்ல எனக்கு வச்சுக் காட்டும்மா."

எனக்கு இருதய நோய் இல்லையென்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அந்தப் பெண் பட்டைகளை ஒட்டினார். முதலில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. பிறகு யாரோ உள்ளிருந்து தொண்டையை இறுக்குவதுபோல் இருந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கணவர் முடங்காத கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் லா... அவள விடு!" என்று கத்தினார்.

இயந்திரம் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கழுத்தையே உற்றுப் பார்த்த கணவர், தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

வாரக்கணக்கில் போய்வந்தோம். ஒருநாள் ஒரு கரண்டி கெட்டிக் கஞ்சி கொடுத்தார்கள். அவர் தொண்டை மேலே ஏறி அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. இருமல் வரவில்லை.

"உப்பு பத்தல" என்றார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மின்சாரம் குணமாக்கியதா, பயிற்சியா, எனக்குத் தெரியாது. இப்போது எல்லாம் சாப்பிடுகிறார். ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டையையே பார்க்கிறேன். ஒரு பிடி சோறு உள்ளே இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று உணர்த்திய அந்தப் பயம், என்னைவிட்டுப் போகவே வேண்டாம்.