மகள் வராத வாக்கியங்கள்

பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரத்தில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் எனக்கு வேலை. சீன மொழி பேசுகிறவர்கள் ஆங்கிலம் கற்பதற்கான கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை அங்கே தயாரிக்கிறோம். எனக்குச் சீனத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவள் என்ற ஒரே தகுதியில் உள்ளே நுழைந்தவள் நான். ஒரு ஆங்கிலச் சொல்லைத் தருவார்கள். அதன் பொருளை எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுதி, எப்படிப் பாவிப்பது என்று காட்ட மூன்று வாக்கியங்கள் கொடுக்க வேண்டும். அவற்றின் கீழே சீனத்தில் எழுதுவது பக்கத்து மேசைக்காரியின் வேலை. செயலியில் படிக்கிறவர்கள் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் மூன்று தரம் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்ததற்குப் போகவிடும்.

பக்கத்து மேசைக்காரிக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. சீனாவில் ஏதோ ஒரு ஆற்றங்கரை நகரத்திலிருந்து தனியாக வந்தவள். எங்கள் அலுவலகத்துக்கென்று மட்டும் கொடுக்கப்பட்ட வேலை அனுமதியில் இருந்தாள். இந்த வேலை போனால் வேறு கதவைத் தட்ட முடியாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தன் மொழியில் அக்கா என்பதற்குள்ள சொல்லால் என்னைக் கூப்பிடுவாள். நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலம். ஆனால் அவள் பேசியதெல்லாம் என் காதில் இப்போது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் நிற்கிறது.

ஒரு நாள் வேலை முடிந்து அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு "நான் போகிறேன்" என்றபோது நான் தடுத்தேன். எங்கள் வீடுகளில் போறன் என்று சொல்ல மாட்டோம், போயிட்டு வாறன் என்றுதான் சொல்வோம், போறன் என்று சொன்னால் போனதாகவே ஆகிவிடும் என்று விளக்கினேன். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. தங்கள் ஊரிலும் நல்ல நாளில் கெட்ட சொல்லை வாயில் எடுத்தால் பெரியவர்கள் அடிக்காத குறையாகப் பேசுவார்கள் என்றாள். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு என் மேசையைத் தாண்டும்போது, நாக்கைச் சுழற்றிக்கொண்டு "வாறன்" என்பாள். நானும் "ஓம், வா" என்பேன். எங்கள் அலுவலகத்தில் தமிழ் அவ்வளவுதான்.

புத்தகங்களில் இருந்து வாக்கியங்களை எடுக்கக்கூடாது என்பது மேலாளரின் கட்டளை. "உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள், அதற்கு யாரும் உரிமை கோர முடியாது" என்பார். அவர் இங்கேயே பிறந்த பிரெஞ்சுக்காரர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஆரம்பத்தில் நான் ஆப்பிள், பனி, பேருந்து என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் ஆப்பிள் தின்பது? மெல்ல மெல்ல என் வீடு வாக்கியங்களுக்குள் வந்தது. என் வீடு என்றால் நானும் மகளும். கணவர் அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். மகள் தோசைக்குச் சீனி தொட்டுச் சாப்பிடுவதும், குளியலறையில் பிரெஞ்சில் பாடுவதும், பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் கோயிலுக்கு வருவதும் நூற்றுக்கணக்கான சொற்களுக்கு உதாரணமாயின.

பிறகு அவள் மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, பியர்பொன்ட்ஸில் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாய் அதைவிட முந்தும்.

"ஆரோ பெத்த பிள்ளையளின்ரை மூக்குத் துடைக்கவோ உன்னை இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிச்சனான்?"

"எனக்கு அது பிடிச்சிருக்கு அம்மா."

"பிடிச்சிருக்காம்! பிடிச்சதைச் செய்யிறதெண்டா வேறை வீடு பார்."

இரண்டு கிழமையில் பார்த்துவிட்டாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று, "நான் போறன் அம்மா" என்றாள். போறன் என்று சொல்லாதை பிள்ளை என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அந்தச் சொல் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது உண்மை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "போ. பேந்து இந்த வாசலுக்கு வராதை" என்பதுதான். பெற்ற பிள்ளைக்குச் சொன்ன சொல். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அதற்குப் பிறகு நான் எழுதிய வாக்கியங்களை நீங்களே ஊகிக்கலாம். வெறுமை என்ற பொருள்படும் சொல்லுக்கு, 'என் மகளின் அறை வெறுமையாக இருக்கிறது.' இன்னமும் என்பதற்கு, 'மேலதிகச் சாவி இன்னமும் என் மகளிடம் இருக்கிறது, அவள் அதைப் பாவிப்பதில்லை.' இன்ன காலத்திலிருந்து என்ற பொருள்படும் சொல்லுக்கு, 'மாரி தொடங்கியதிலிருந்து என் மகள் வீட்டுக்கு வரவில்லை.' யாரிடமும் சொல்லாததை எல்லாம் அங்கே கொட்டினேன். யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். பக்கத்து மேசைக்காரி ஒவ்வொன்றையும் வாசித்துத்தான் சீனத்தில் எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றும்போது எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

வசந்தம் தொடங்கி, வீதியோரப் பனி கறுப்பாகக் கரைந்துகொண்டிருந்த ஒரு காலையில் மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சீனாவிலிருந்து படிக்கிறவர்கள் முறைப்பாடு அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒன்று இருக்கிறது, சீனத்தில் வேறொன்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தார்கள். மேலாளர் வேறொருவரைக் கொண்டு சீனத்தை ஆங்கிலமாக்கித் திரையில் வைத்திருந்தார். பதினேழு வாக்கியங்கள்.

நான் வாசித்தேன். 'என் மகளின் அறை அவளுக்காகத் தயாராக இருக்கிறது.' 'மகள் தன்னிடமுள்ள சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.' 'மாரி தொடங்கியதிலிருந்து என் மகள் ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வருகிறாள்.' மகள் வராத வாக்கியங்கள் பதினேழிலும் அவளை வரவைத்திருந்தாள் இவள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று மேலாளர் கேட்டதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மிகவும் துக்கமாக இருந்தது" என்று மட்டும் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர், ஒரு வழி விட்டார். சீனத்துக்குப் பொருந்துகிற மாதிரி நான் என் ஆங்கிலத்தை மாற்றித் தந்தால், இதைத் திருத்தப்பட்ட தவறு என்று எழுதி முடித்துவிடுவார். நான் எழுதியதுதான் சரி என்று சொன்னால், வேண்டுமென்றே பிழையாக எழுதினாள் என்று மேலே அறிவிக்க வேண்டிவரும், பிறகு அவள் வேலை அவர் கையில் இல்லை. மூன்று மணிக்குள் முடிவைச் சொல்லும்படி கேட்டார்.

மதியச் சாப்பாட்டு அறையில் அவள் என் எதிரே வந்து இருந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"அக்கா, நீங்கள்தானே சொன்னனீங்கள், போறன் எண்டு சொன்னால் போனதாப் போயிடும் எண்டு."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நீங்கள் எழுதினதை ஆக்கள் மூண்டு மூண்டு தரம் சத்தமாச் சொல்லீனம். ஒவ்வொரு நாளும் எத்தினை வாய், என்ரை மகள் வரேல்லை, மகள் வரேல்லை எண்டு. இத்தினை பேர் சொன்னா அந்தப் பிள்ளை எப்பிடி அக்கா வரும்? இங்கிலீசிலை கை வைக்க எனக்கு உரிமையில்லை. சீனத்திலை எண்டாலும் வரட்டும் எண்டு நினைச்சன்."

எனக்கு அது விளங்கவில்லை என்று சொன்னால் பொய். உலகத்தில் வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. வீட்டில் அரிசி முடிந்தாலும் இல்லை என்று சொல்லாமல் வளர்ந்தவள் நான். அவள் கையைப் பிடித்து அழுதிருக்கலாம். அழுகை வந்தது, ஆனால் அதோடு கோபமும் சேர்ந்து வந்தது. என் வீட்டு விடயத்தில் தலையிட, என் மகளை எனக்குப் பதிலாகக் கூப்பிட, இவள் யார்? என் பாடு இவளுக்குப் பரிதாபமாகிவிட்டதா? மகள் ஞாயிறுதோறும் வருகிறாள் என்று நானே என் கையால் எழுதுவது, வா மகளே என்று அவளிடம் கெஞ்சுவதுபோல் பட்டது. அதை மட்டும் செய்யமாட்டேன் என்று மனம் வீம்பாக நின்றது.

மூன்று மணிக்கு மேலாளரிடம் போய், "நான் எழுதினதுதான் உண்மை, ஒரு எழுத்தும் மாத்த ஏலாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மேசைக்குத் திரும்பினேன். அவள் என்னைப் பார்த்தாள், என் முகத்திலேயே விடை தெரிந்திருக்கும். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாளில் அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் வந்தது. கடைசி நாள் தன் மேசையிலிருந்த கோப்பையையும் சின்னக் கற்றாழைச் சாடியையும் ஒரு பையில் போட்டாள். என்னைத் திட்டினால் நன்றாக இருக்குமே என்று காத்திருந்தேன். ஐந்து மணிக்கு என் மேசையடியில் வந்து நின்று, வழமையான குரலில், "வாறன் அக்கா" என்றாள். எனக்கு "ஓம், வா" என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கோடை முடிவதற்குள் அவள் ஊருக்குத் திரும்பிவிட்டதாக மேலாளர் பிறகு சொன்னார்.

அவள் மேசையில் இப்போது ஒரு இளைஞன். கெட்டிக்காரன், வேகமானவன். வந்த முதல் கிழமையே பதினேழு வாக்கியங்களையும் திருத்திவிட்டான். இரண்டு மொழியிலும் என் மகள் வருவதில்லை.

ஒரு சனிக்கிழமை துணிந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளும் எடுத்தாள். பின்னால் யாரோ பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு பிறந்தநாள் வீடாக இருக்கலாம்.

"என்னம்மா? ஏதும் சுகமில்லையோ?"

வா என்ற ஒரு எழுத்தைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எடுத்தேன். "ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான்" என்றேன்.

"ஓகே அம்மா, நான் பேந்து எடுக்கிறன்."

இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை நான் நேரே மேலாளரிடம் போய், என் ஆங்கில வாக்கியங்களை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எதற்கு? இப்போது இரண்டும் பொருந்துகின்றன. முறைப்பாடே இல்லை. செ கொரெக்ட், எல்லாம் சரி" என்று சிரித்தார். புதிய பதிப்பு பூட்டப்பட்டு வெளியே போய்விட்டதாம்.

ஆட்கள் குறைந்ததால் எனக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. படிக்கிறவர்கள் உரக்கச் சொல்லி அனுப்பும் குரல்களைக் கேட்டு, உச்சரிப்புச் சரியா என்று பார்க்க வேண்டும். காதில் மாட்டிக்கொண்டு இருக்கிறேன். கிழவர்களின் குரல், சமையலறையிலிருந்து பெண்களின் குரல், பேருந்து இரைச்சலுக்குள் யாரோ ஒருவரின் குரல். நேற்று ஒரு சிறுமி, பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்க வேண்டும், மாரி தொடங்கியதிலிருந்து என் மகள் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். முதல் தரம் பாதியில் தடக்கினாள். இரண்டாம் தரம் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டாள். நிறுத்து பிள்ளை, போதும் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாம் தரம் தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். நான் சரி என்று அடையாளம் போட்டேன்.