ஜெனரேட்டர் வந்த நாட்கள்

எங்கள் மாமா முதலாளியானபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். உழவர்கரையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைதான் அவருடைய தொழிற்சாலை. அதில் ஒரே ஒரு மிஷின், பேப்பர் கப் செய்வது. அம்மாவின் தம்பியான அவர் இன்ஜினியரிங் படித்துவிட்டு, வேலை தேடித் தேடிச் செருப்பு தேய்ந்தவர். படித்த பிள்ளைகளைத் தொழில்முனைவோராக்கும் திட்டம் ஒன்றில் அவர் பெயர் வந்தது. லாஸ்பேட்டையில் பயிற்சி கொடுத்து, கடனும் ஏற்பாடு செய்து, மிஷினை வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். அதை உள்ளே கொண்டுவர வாசல் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. எங்கள் கட்டில் வெளியே போனது. அன்றிலிருந்து நாங்கள் சமையலறையில் படுத்தோம்.

திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு லைட் போடுகிறவரின் ஜெனரேட்டர் வாசலில் நின்று தெருவையே அதிரவைத்தது. ரிப்பன் வெட்டியதும் மாமா பட்டனை அழுத்தினார். கப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. முதல் கப்பை எனக்குத்தான் கொடுத்தார். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினேன்.

மறுநாள் ஜெனரேட்டர் போய்விட்டது, மிஷினும் நின்றுவிட்டது. வீட்டுக் கரண்டில் அது ஓடாது, அதற்குத் த்ரீ பேஸ் லைன் வேண்டும். முதலில் மிஷின் வரட்டும், லைன் பின்னாலேயே வந்துவிடும் என்று திட்டத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மாமாவும் நம்பியிருந்தார். மின்துறையில் போய்க் கேட்டால், வீட்டுச் சொந்தக்காரரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை, திட்டத்தில் பதிவானது இந்த விலாசம்தான்.

சொந்தக்காரரோ பிரான்சில் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையால் தெருவில் அவரைச் சொல்தா என்பார்கள். அங்கே குளிர் தாங்காதபோது இங்கே வருவார். மாமா அதுவரை காத்திருந்தார். வந்தவர் காபி குடித்தார், மிஷினைத் தடவிப் பார்த்தார், பிறகு, "தம்பி, கம்பெனி லைன் குடுத்துட்டா நாளைக்கு நீங்க வீட்ட காலி பண்ணுவீங்களா? அடுத்த வாட்டி வரும்போது பாக்கலாம்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வீடுதான்.

அம்மா மிஷின்மேல் பழைய புடவையைப் போர்த்தினாள். மாமா பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாகப் போனார். முதலாளிகள் டிபன் பாக்ஸோடு பஸ்ஸில்தான் போவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மிஷின் ஓடாததும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. வில்லியனூர்த் தேர் கூட வருடத்துக்கு ஒருநாள்தானே ஓடுகிறது?

அடுத்த வருடம் போன் வந்தது. டெல்லியிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம், திட்டத்தில் ஜெயித்த இளைஞர் ஒருவரைக் காட்ட வேண்டுமாம். மாமா கம்பெனியில் லீவு சொன்னார்.

"எதுக்குடா இந்த வேஷம்? ஓடலன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

"சொன்னா மிஷின தூக்கிட்டுப் போயிடுவாங்கக்கா. கடன் மட்டும் என் தலையில நிக்கும். இத நல்லா முடிச்சா லைனுக்குப் பேசறோம்னு சொல்லியிருக்காங்க."

மறுபடி ஜெனரேட்டர் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமா வேலை கொடுத்த ஆட்களாக அப்பாவும் எதிர்வீட்டு அக்காவும் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றார்கள். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் மாமா, வேலை தேடிக்கொண்டிருந்த நான் இன்று வேலை கொடுக்கிறேன் என்று, சொல்லிக்கொடுத்தபடியே பேசினார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

கிளம்பும்போது ஒரு விருந்தினர் என் கன்னத்தைத் தட்டி ஏதோ கேட்டார். பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய் என்று பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார். ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கத்தினேன்: "மாமா மாதிரி ஆவேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். இந்த மாதிரி நான் ஏதாவது சொன்னால் மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினையே பார்த்தபடி நின்றார். வண்டிகளெல்லாம் போனபிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இனிமே அப்படிச் சொல்லாத பாப்பா" என்றார்.

லைன் வரவேயில்லை. மாமா இன்னும் அந்த மேட்டுப்பாளையம் பஸ்ஸில்தான் போகிறார்.

அத்தனை பேரும் கைதட்டிய பதில் மாமாவுக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று அன்றைக்கு அழுதேன். என்னிடம் அவருக்குக் கோபம் என்றே நினைத்தேன். அவர் எனக்காகப் பயந்தார் என்பது புரிவதற்கு, நானும் ஒரு டிகிரியை வாங்கிக்கொண்டு, லாஸ்பேட்டையில் அதே பயிற்சி வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது.