எனக்கும் முதுகுங்க

முதுகு ஆபரேஷனுக்குப் பின் ஊட்டி அலுவலகத்தில் மீண்டும் வேலைக்குச் சேர வேண்டிய காலை. நடுவட்டத்தில் பஸ் ஏறினேன். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை நரம்பு சுண்டி இழுக்கும், நின்றால் தாங்கும். வலியோடு போய் இறங்கினால் மறுபடியும் விடுப்புதான். எனவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடம் காலியாக இருக்கும்போது ஒருவர் நிற்பதை எங்கள் பஸ்ஸில் யாரும் பொறுப்பதில்லை. ஓர் அம்மா, "உக்காருங்க சார்" என்றார். ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். "அப்ப கட்டாயம் உக்காரணுமுங்க" என்றார். பின்னாலிருந்த ஒருவர் என் தோளைப் பிடித்து அழுத்தவே ஆரம்பித்தார். கண்டக்டர், "ஏனுங்க, கம்பிக்குக் காவலுங்களா?" என்றார்.

அப்போது மங்கி குல்லா அணிந்த பருத்த மனிதர் ஒருவர் ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கும் முதுகுங்க. உக்காரக் கூடாது" என்று பொதுவாக அறிவித்தார். பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் தொண்டையைச் செருமுவார். நான் பிடியை இறுக்கிக்கொள்வேன்.

பைக்காராவில் அவர் இறங்கத் தயாரானார். குனிந்து, சீட்டுக்கடியில் வைத்திருந்த தன் அரிசி மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார்.

"உங்க முதுகு?" என்றேன்.

"அதுக்கென்னுங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார் தாழ்ந்த குரலில். "ஒருத்தர் நின்னா விட மாட்டாங்க. ரெண்டு பேரு நின்னா கேக்க மாட்டாங்க."

அன்று வேலையில் சேர்ந்தேன். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு நிதானமாகச் சொன்ன மனிதரை அதன் பிறகு நான் சந்திக்கவில்லை.