இரண்டாவது ஆள்

எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. பல்லி கத்தினால் எழுந்து உட்காருகிற ரகம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினைந்து வருடமாகத் தையல் மிஷின் ஓட்டுகிறேன். இன்றைக்கும் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் என் தையல் கோணிக்கொள்ளும். இப்படிப்பட்டவள் ஊர்ப் பூங்காவைச் சரிசெய்யப் போனேன் என்று சொன்னால் என்கூட வேலை செய்கிறவர்களே சிரிப்பார்கள்.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை செய்கிறவர். சில வருடங்களுக்கு முன், அப்போது அவர் இருந்த டேனரியில், கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க ஒருவர் இறங்கினார். இறங்கியவர் சத்தமில்லாமல் சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதித்தார். மூன்றாவதாக ஏணியில் கால் வைத்தது என் வீட்டுக்காரர். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்களாம். முதல் இரண்டு பேரும் உயிரோடு மேலே வரவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறைதான். பத்து நாள் கழித்து வேறு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் வேறு எங்கே போவது?

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்ததும் லாக்கரிலிருந்து போனை எடுத்து அவருக்கு அடிப்பேன். இரண்டு ரிங் போகும், அவர் கட் பண்ணுவார். கட் பண்ணினால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் டிபன் டப்பாவைத் திறப்பேன்.

எங்கள் தெரு முனையில் ‘நகராட்சிப் பூங்கா’ என்று ஒரு பலகை உண்டு. பலகை மட்டும்தான் உண்டு. உள்ளே முள்ளுச்செடியும், உடைந்த ஊஞ்சலும், காலி பாட்டில்களும். பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து, நகராட்சியில் அனுமதி வாங்கி, ஞாயிறுதோறும் காலையில் எல்லாரையும் அங்கே வரவழைத்தார். செருப்புக் கடை வைத்திருக்கிற எதிர்வீட்டு பாய் மண்வெட்டி, கடப்பாறை எல்லாம் கொண்டுவந்தார். நான் பெருக்கினேன், என் வீட்டுக்காரர் குழி வெட்டினார். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமையில் இடம் இடமாகத் தெரிந்தது. சிமெண்டு பெஞ்சு ஒன்று போட்டோம். அந்தக் காலத்தில் அங்கே ஒரு டேனரி இருந்தது என்று பாய் ஒரு தடவை சொன்னார். ஊரில் பல இடம் அப்படித்தான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. புங்கங்கன்று வைக்க என் வீட்டுக்காரர் கடப்பாறையைக் குத்தினார். இரண்டாவது குத்தில் கல் உடைகிற சத்தம். மூன்றாவது குத்தில் கடப்பாறை கையை விட்டு நழுவி, மண்ணுக்குள் மொத்தமாகக் காணாமல் போனது. கீழே எங்கேயோ ‘தொப்’ என்று கேட்டது. ஒரு கற்பலகை பாதியாக உடைந்து உள்ளே விழுந்து, ஆள் நுழைகிற அளவுக்குக் கருப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது. அதிலிருந்து அழுகின முட்டை வாடை வந்தது. அவர் சட்டையில் நான் தினமும் மோந்து பார்க்கிற வாடை அது.

“பழைய ஊறல் தொட்டி டீச்சர், தோல ஊறப்போடுறது,” என்றார் இவர். “இடத்த விட்டுப் போறப்போ மேல கல்ல போட்டு மண்ண தள்ளிட்டுப் போய்ட்டானுங்க.”

டீச்சர் ஒரு பேப்பரைக் கொளுத்திப் போட்டு ஆழம் பார்க்கலாமா என்று கேட்டார்.

“நெருப்பு வேணாம் டீச்சர். கேஸ் இருந்தா புடிச்சிக்கும்.”

அவ்வளவு தெரிந்த மனிதர், அடுத்த நிமிடம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டார்.

“இன்னாங்க பண்றீங்க?”

“கடப்பாறை பாயோடது. ஆறடி கூட இருக்காது. நான் பாக்காத தொட்டியா?”

“விடு தம்பி,” என்றார் பாய். “இரும்புதானே, போனா போவுது.”

“ரெண்டே நிமிஷம் பாய்.”

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பத்துப் பேர் பார்க்கிறார்கள், அவர் வீம்பில் இருக்கிறார் என்று புரிந்தது. கத்தலாம் என்றால் நாக்கு எழவில்லை. இழுக்கலாம் என்றால் என் உடம்பில் பலம் ஏது. அழக்கூட வரவில்லை, அவ்வளவு பயம். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புடவையைச் சுருட்டிக்கொண்டு, என் காலையும் உள்ளே விட்டேன். உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று பாதத்தில் பட்டது.

“ஏய், நீ இன்னா பண்ற?”

“நீங்க எறங்குங்க. நீங்க விழுந்தா உங்கள தூக்க நான் எறங்குவேன். ரெண்டாவது ஆளு நான்தான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டையைப் பார்த்தார். உதடு வெளுத்துப்போனது. மெதுவாகக் காலை வெளியே எடுத்து, என்னையும் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் ஈர மண்ணில் உட்காரவைத்தார். என் கையை அவர் விடவில்லை.

அதற்கப்புறம் அவர் யாரையும் கிட்டே விடவில்லை. தூர நின்று ஒரு நீளக் கழியால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ‘டொம்’ என்று கேட்ட இடத்தையெல்லாம் நான் கோலமாவு போட்டுக் குறித்தேன். மொத்தம் எட்டுக் கட்டம். அதில் ஒன்று, நாங்கள் போட்ட பெஞ்சுக்கு நேர் கீழே. போன வாரம்தான் நான்கு பெண்கள் அதில் நெருக்கி உட்கார்ந்து டீ குடித்தோம். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

டீச்சர் விடாமல் நகராட்சிக்கு நடந்தார். ஆட்கள் வந்து, வேலி கட்டி, இயந்திரத்தை வைத்துக் கற்களைத் தூக்கி, கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி எட்டையும் மூடினார்கள். பாயின் கடப்பாறை உள்ளேயே புதைந்துவிட்டது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அங்கே புல் வளர்ந்திருக்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். நான் மட்டும் ஓரமாகவே நடக்கிறேன், என்னைக் கிண்டல் பண்ணாதவர்கள் இல்லை.

இந்த மாதம் ஒரு புதன்கிழமை. பெல் அடித்தது, போன் அடித்தேன். இரண்டு ரிங் போனது. மூன்று. நான்கு. கட் ஆகவில்லை. எடுத்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர் எடுத்ததே இல்லை. வேறு யாரோ பேசப்போகிறார்கள், ‘அவருக்கு நீங்க இன்னா வேணும்மா’ என்று கேட்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“நான்தான்,” என்றார்.

“இன்னா ஆச்சுங்க?”

“ஒண்ணும் ஆவல. இங்க தொட்டி அடச்சிக்கிச்சு. மாஸ்க் இல்ல, கயிறு இல்ல, சும்மா எறங்குன்னாங்க. மாட்டேன்னுட்டேன்.”

“வேல?”

“தெரில. மெஷினு எடுத்தாந்து அடைப்பெடுங்கன்னு சொல்லிட்டேன். ஒரே சத்தம் போட்டுட்டு போய்க்கிறாங்க.”

எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த பயமும் வந்தது.

“வேற யாராச்சும் எறங்கிடப் போறாங்க...”

“எறங்க முடியாது. மூடிய போட்டு அது மேலதான் உக்காந்துனு இருக்கேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் எறங்கினா ரெண்டாவது ஆளு நீயாச்சே.”

சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடிக்கிறவரை நான் போனை வைக்கவில்லை. அவரும் கட் பண்ணவில்லை.