கொமடோருக்குள் இருந்த தமிழ்

இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காத ஒரு கசெற்றுக்காக ஒரு மனிதர் தன் எட்டு மாத உழைப்பை விட்டுக்கொடுப்பாரா? இந்தக் கதையை முதன்முதல் கேட்டபோது நானும் இதையேதான் கேட்டேன்.

இரத்தினவேல், ஊரைவிட்டு வந்த தமிழர் நிறைந்த சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடித் தொகுதியில், பதினாறாம் மாடியில் இருந்தவர். ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். 1991 கோடையில், பக்கத்துத் தெருவில் வீட்டு வாசலில் பழஞ்சாமான் விற்றவர்களிடம் ஒரு கொமடோர் 64 கொம்பியூட்டர் வாங்கினார். அப்போதே அது பழசு. பாண் ரொட்டி போல மண்ணிறப் பெட்டி. ரீவியில் பொருத்தினால் எழுத்து விழும். செய்ததைப் பத்திரப்படுத்தச் சாதாரணப் பாட்டுக் கசெற் போதும். பத்திரப்படுத்தாமல் கரன்ற் நின்றால் எல்லாம் போய்விடும்.

அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. வேலை முடிந்து, தண்ணீரில் ஊறி வெளிறிய கையோடு வந்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் திரையில் புள்ளி புள்ளியாக வைத்து உருவாக்கினார். ஓர் ஆங்கில எழுத்து அடங்கும் கட்டத்துக்குள் ‘ஞ’ அடங்க மறுத்தது. ‘ணை’ இரண்டு கட்டம் கேட்டது.

"உது எப்ப தமிழ் படிச்சு முடிக்கும்? நான் ரீவி பாக்கவேணும்," என்று மனைவி கமலாம்பிகை நக்கலடிப்பார்.

ஒருவழியாகப் படித்து முடித்தது. தமிழ்க் கடைகளுக்கு ஒரு விளம்பரத் தாள் தொடங்கவிருந்த அமிர்தநாதர், "சனிக்கிழமை பின்னேரம் வாறன். எழுத்தைக் காட்டும். பிடிச்சால் வேலை உமக்குத்தான்," என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பில்டிங் முழுவதும் கரன்ற் நிற்பாட்டுவார்கள் என்று லிஃப்ற்றடியில் ஒட்டியிருந்தது. இரத்தினவேல் கடைசித் திருத்தங்களைச் செய்து, அதுவரை செய்ததெல்லாம் இருந்த பழைய கசெற்றிலேயே பத்திரப்படுத்தத் தொடங்கினார். பிழையான பக்கத்தைப் போட்டுவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்து எடுத்தார். நாடா சிக்கி அறுந்தது.

இப்போது அவருடைய தமிழ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

"கமலா, கசெற்! ஏதாவதொரு கசெற்!"

"எங்கை கிடக்கு? போனகிழமை எல்லாத்திலயும் பேசி ஊருக்குப் போற ஆக்களிட்டைக் குடுத்திட்டமெல்லோ?"

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் இல்லை. பாட்டுக் கசெற்றில், மேலே பதிய விடாமல் தடுக்கும் மூலைத் துளையைக் கடதாசியால் அடைத்து, பாட்டின் மேல் குரலைப் பதிந்து, போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்தும் அப்படித்தான் வரும்.

இரத்தினவேல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஒருவரும் திறக்கவில்லை. லிஃப்ற்றை ஏற்கெனவே நிற்பாட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கமலாம்பிகை ஒரு கசெற்றை நெஞ்சோடு பிடித்திருந்தார். போன வருடம் ஊரிலிருந்து வந்தது. ஒரு பக்கம் முழுக்க அவருடைய அம்மா பேசியிருந்தார். மற்றப் பக்கத்தில் அவருடைய தம்பி மகேஸ்வரன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

"அவன் முடிச்ச இடத்துக்குப் பிறகு பழைய பாட்டுக் கிடக்கும். அதுக்கு மேலை பதியுங்கோ. அவன்ரை குரலிலை மட்டும் கை வைக்காதேங்கோ."

கசெற் போடும் ரேடியோவில் போட்டு ஓட்டினார்கள். "சரியக்கா, வைக்கிறன்," என்றது குரல். கமலாம்பிகை எப்போதும் அந்த இடத்தில்தான் அழுதபடி நிற்பாட்டுவார். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

இரத்தினவேல் கை நீட்டினார். பதிந்து முடிக்க மூன்று நிமிடமாவது வேண்டும். பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். கமலாம்பிகை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறுங்கோ. பாட்டு வரேல்லை."

"என்ன பாட்டு? கையை விடும்!"

"அவன் கசெற்றை நிப்பாட்டியிருந்தால் பழைய பாட்டெல்லோ கேக்கவேணும்? கேக்கேல்லை. அப்ப இன்னும் பதிஞ்சுகொண்டுதான் இருக்கு."

"நிப்பாட்ட மறந்திருப்பான், கமலா!"

"கரன்ற் இல்லாமல் பற்றரிக்கு அலையிற ஊரிலை ஆர் மறப்பினம்?"

இரைச்சல் ஓடியது. ரீவியில் அவருடைய ‘ஞ’ நின்றது. இரத்தினவேல் அதைப் பார்த்தார். பலமாக இழுத்தால் கை விடுபடும். கோப்பை கழுவுவதிலிருந்தும் விடுபடலாம். மனைவி சொன்னதில் ஒரு பிழை தேடினார். கிடைக்கவில்லை. கையை எடுத்தார்.

நேரம் போனது. ரேடியோவில் ஒரு கதவு கிரீச்சிட்டது. காலடிச் சத்தம்.

"வெக்கப்படாமல் கதையும்," என்றான் மகேஸ்வரன்.

ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். "மச்சாள்... நான் ரதி. இவர் உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையாம்..."

கரன்ற் நின்றது. ரீவி ஒரு புள்ளியாகச் சுருங்கி இருண்டது.

"கலியாணம் கட்டிட்டான்!" கமலாம்பிகை சிரித்தார், அழுதார். "கள்ளன்! எனக்குச் சொல்லாமல்!"

இரத்தினவேல் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

பின்னேரம் அமிர்தநாதர் வந்தார். "எங்கை ஐசே உம்மடை தமிழ்?"

"போயிட்டுது அண்ணை. மச்சான்ரை மனுசி கதைச்சவ. கேட்டுக்கொண்டிருந்திட்டம்."

அமிர்தநாதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கிழமையே வேறு ஆளைப் பிடித்தார். இரத்தினவேல் மேலும் நாலு வருடம் கோப்பை கழுவினார்.

கொம்பியூட்டர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வேகத்தையும் விலையையும் எழுதுவார்கள், இதை எழுதமாட்டார்கள். அதனால் வாசித்த நீங்கள், இன்றைக்கே யாராவது ஒருவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.