வேப்பங்கட்டைக்குள் இருந்த இரும்பு

2010 பெப்ரவரி 13, சனிக்கிழமை, காலை 10.20. மழை விட்டுப் புழுக்கமாக இருந்தது. லண்டனில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற நான், மரக் கடைசல் இயந்திரத்தோடு கல்லடிக்கு வந்து குடியேறி நான்கு மாதம். வாவிக்கு அக்கரையிலுள்ள வவுணதீவிலிருந்து விறகுக்கு வந்த வேப்பங்கட்டை ஒன்று அழகாக இருந்ததால், அதில் கிண்ணம் கடைந்துகொண்டிருந்தேன். வியர்வை தாங்காமல், கண்ணையும் மறைக்கும் பிளாஸ்டிக் முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

திடீரென்று உளி துள்ளியது. ஏதோ பறந்துவந்து மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையை உடைத்தது. கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்துவிட்டேன். ஓடிவந்த மனைவி என் கையை விலக்கி, "எத்தின விரல் தெரியுது, சொல்லுங்க!" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சரியாகச் சொன்னேன். இமையில் மட்டும்தான் வெட்டு.

கட்டைக்குள் செல் துண்டொன்று, பீரங்கிக் குண்டின் சிதறல், புதைந்திருந்தது; அதில் பட்டு உடைந்த உளி நுனிதான் பறந்திருக்கிறது. விறகு தந்த கந்தசாமி தலையில் கைவைத்தார்.

"எரிக்கத்தானே ஐயா தந்தன்! மரம் அரியிற மில்லுக்காரனே அங்கத்த மரத்த வாளில வைக்கமாட்டான். சண்டை நடந்த இடமெல்லோ? இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. அந்த வருடங்களில் நான் இங்கே இருக்கவில்லை.

இப்போது எந்தக் கட்டையையும் கடைவதற்கு முன் காந்தத்தால் தடவிப் பார்க்கிறேன். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது என்பதால், எவ்வளவு வியர்த்தாலும் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. வில்லை, உளி, காந்தம், ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ எல்லாம் சேர்த்துச் செலவு 9,640 ரூபாய்.