நாற்பது நிமிட எஞ்சின் சத்தம்

போன ஞாயிறு, காலை பத்து மணி. மனைவி செல்வி குளிக்கப் போயிருந்தாள். ஹாலில் தொட்டிலுக்குப் பக்கத்தில் அவள் ஹேண்ட்போனில் ஒரு பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து என் குரல் வந்தது. நானோ சமையலறையில் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் லோரி டிரைவர்; வாரா வாரம் இந்தப் பத்தியில் லோரியைப் பற்றித்தான் எழுதுவேன். இதிலும் லோரி வருகிறது. கொஞ்சம்தான்.

எங்கள் மகளுக்கு ஏழு மாதம். பிறந்ததிலிருந்து அழுகை. சிணுங்கல் இல்லை... உடம்பை வில்லாக வளைத்து, மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படும்படி அழுவாள். டாக்டர் நன்றாகப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல அண்ணே. சில பிள்ளைங்க சுபாவமே இப்படித்தான்" என்றார். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிற்றோடு அழுதாள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பார்கள் என்கிறார்களே? எங்கள் வீட்டில் நடந்தது ஷிப்ட் மாற்றம். நான் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து வந்து கதவைத் திறப்பேன். செல்வி பிள்ளையை என் கையில் கொடுப்பாள்.

"பால் குடிச்சிட்டா. டயப்பர் மாத்தியாச்சு."

அவ்வளவுதான். அறைக்குள் போய்ப் படுத்துவிடுவாள். முன்பெல்லாம் நான் தாமதமாக வந்தால் வாசல் கேட் அருகே நின்று திட்டுவாள். திட்டக்கூட ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும், தெரியுமா?

மகள் ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் அடங்குவாள். லோரி எஞ்சின். ஒரு தடவை வாசலில் லோரியை அணைக்காமல் நிறுத்தியிருந்தேன். உள்ளே தூங்கிவிட்டாள். அதனால் மூன்று வாரத்துக்கு முன்பு, துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்ற வரிசையில் நின்றபோது, ஹேண்ட்போனை டேஷ்போர்டில் வைத்து நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். செல்விக்கு அனுப்பினேன். நான் கேட்டுப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தத்தை யார் கேட்டுப் பார்ப்பார்?

ஞாயிறு காலைதான் கேட்டேன். உறுமல். பிறகு ஜன்னலோரம் வந்து நின்ற குமாரின் குரல். அவனும் டிரைவர்தான்.

"இன்னும் மூணு லோரிதான் பாஸ். சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம் லா."

"மெதுவாவே போகட்டும்டா. வீட்டுக்குப் போகவே மனசு வரல. இந்தக் கியூவுல நிக்கிறதுதான் நிம்மதி."

"ஏன், அக்கா தொல்லையா?"

"தொல்லை பண்ணாக்கூட பரவால்லடா. அவ பேசறதே இல்ல."

மறுபடியும் உறுமல்.

மூன்று வாரமாக, தினமும் மூன்று நான்கு தடவை, செல்வி இதைப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

ஈரத்தலையோடு வெளியே வந்தாள். என் கையில் புட்டி.

"அழிச்சிருக்கலாமே" என்றேன்.

"அழிச்சிட்டா இவளை யாரு தூங்க வைக்கிறது?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன், செல்வி..."

"பொய் சொல்லாதீங்க. இந்த மூணு வாரத்துல நீங்க பேசி நான் கேட்டதே அது ஒண்ணுதான்."

தலையைத் துவட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்காச்சும் அந்தக் கியூ இருக்கு. எனக்கு இந்தப் பாத்ரூம்தான். தண்ணியத் தொறந்து விட்டுட்டு சும்மா நிப்பேன்."

எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் ஒளிந்துகொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் ஒருத்தி, வரிசையில் ஒருத்தன். இருவருக்கும் நடுவில் ஒரு தொட்டில்.

துறைமுகத்தில் முன்னால் நகராமல் நிற்கும் லோரிகளை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். உள்ளே எத்தனை அப்பாக்கள்? யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் டயரைப் பற்றிப் பேசுவோம்.

திங்கட்கிழமை புதிதாகப் பதிவு செய்தேன். குமாரைக் கிட்டவே விடவில்லை. நாற்பது நிமிடம், சுத்தமான எஞ்சின். அனுப்பினேன்.

பின்னேரம் செல்வியிடமிருந்து பதில் வந்தது. பாலும் டயப்பரும் இல்லாத மெசேஜ் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது!

"இதுல தூங்க மாட்டேங்கறா. உங்க குரல் இல்ல."

மகளைத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.